குடும்ப மலர்ச்சாலையும் தனிமனிதனின் இறுதிச் சடங்கும்: பிரித்தானிய அனுபவம் பற்றிய சில குறிப்புகள்

1

மரணம் இயற்கை நிகழ்ச்சி. மரணச் சடங்கோ சமூக நிகழ்ச்சி. ஒரு சமுதாயத்தில் உடைமை எவரிடம் உள்ளது, உழைப்பு எவ்வாறு பகிரப்பட்டுள்ளது, மனிதர் ஒருவரோடொருவர் எத்தகைய உறவு பூண்டுள்ளனர் என்பனவற்றை அச்சமுதாயம் தன் இறந்தோரை வழியனுப்பும் முறையிலிருந்து பெருமளவிற்கு அறிந்துகொள்ளலாம். பழங்குடி மக்களின் ஈமச் சடங்குகளை மானிடவியலாளர் இந்நோக்கில் விரிவாக ஆராய்ந்துள்ளனர். கைத்தொழில் முதலாளித்துவம் முதன்முதலில் வேரூன்றிய பிரித்தானியாவின் மரணச் சடங்கினை அதே கண்கொண்டு நோக்கும் முயற்சிகள் நம்மிடையே அரிதாகவே காணப்படுகின்றன. 1983க்குப் பின்னர் இலண்டனிலும் பிற நகரங்களிலும் குடியேறிய ஈழத்தமிழர் பலர் தம் பெற்றோரை அந்நாட்டுத் தகனசாலைகளிலேயே வழியனுப்பி வருகின்றனர் என்பதை எண்ணும்போது, இவ்வாராய்ச்சி நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

இன்று பிரித்தானிய நகரமொன்றில் ஒருவர் இறந்தால் உறவினர் மலர்ச்சாலைக்குச் சென்று அதன் பொறுப்பாளரோடு அமர்ந்து சடங்கினைத் திட்டமிடுவர். அடக்கமா தகனமா, பாதிரியாரா, சமயஞ்சாராத நடத்துநரா, பெட்டி மரத்தாலானதா, பிரம்பாலானதா, கடின அட்டையாலானதா, ஊர்தி மோட்டார் வாகனமா, குதிரை வண்டியா, பெட்டி உள்ளே கொண்டுவரப்படும்போது எந்தப் பாட்டு ஒலிக்கவேண்டும், வருவோர் கறுப்புடை அணிவதா, இறந்தவர் விரும்பிய நிறத்தில் அணிவதா, சாம்பலை எங்கே தூவுவது. இவையனைத்தும் அங்கே முடிவுசெய்யப்படும். இறந்தவரின் வாழ்க்கையையும் இயல்பையும் பிரதிபலிக்கும் வண்ணம் அவருக்கென்றே அமைந்த சடங்கு என்பது இத்தொழிலாரின் வாக்குறுதி. பல தலைமுறைகளாக ஒரே குடும்பத்தினர் நடத்தும் நிறுவனம் என்பது அவர்கள் முன்வைக்கும் நற்சான்று. ‘தனித்துவம்’, ‘குடும்பம்’ ஆகிய இவ்விரு சொற்களும் எவ்வாறு இத்தொழிலின் மூலதனமாயின, அவற்றுக்குப் பின்னால் நிற்கும் மெய்யான மனிதத் தேவை யாது என்பனவே இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

2

தனக்கெனத் தகுதியான சடங்கொன்று வேண்டும் என்ற வேட்கை பிரித்தானியப் பாட்டாளி மக்களிடம் அச்சத்திலிருந்தே தோன்றியது. 1832இல் நிறைவேற்றப்பட்ட உடற்கூற்றியற் சட்டம், வறியோர் விடுதிகளில் இறந்து உரிமைகோருவோரின்றிக் கிடந்த உடல்களை மருத்துவக் கல்லூரிகள் அறுத்தாராய வழிசெய்தது. அதற்கு முன்னர் கொலைக்குற்றவாளிகளின் உடல்களுக்கே சட்டம் இக்கதியை விதித்திருந்தது. கொலைகாரனுக்குத் தண்டனையாக இருந்தது வறியவனுக்கு வறுமையின் விளைவாயிற்று. 1834ஆம் ஆண்டின் புதிய வறியோர் சட்டம் இவ்வச்சத்தை மேலும் பெருக்கியது. இலண்டன் ஏழைகளின் உடல்கள் பொதுக்குழிகளில் எறியப்பட்ட விதத்தை, 1845இல் வெளிவந்த இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலை பற்றிய நூலில் ஏங்கெல்ஸ் பதிவுசெய்துள்ளார்.

இதற்கு மக்கள் கண்ட விடை ஈமச் சங்கங்கள். வாரந்தோறும் ஒரு பென்னி, இரு பென்னி எனச் செலுத்தி, இறக்கும்போது கௌரவமான அடக்கத்துக்கு வேண்டிய தொகையைப் பெறும் ஏற்பாடு அது. உணவிற் குறைத்தேனும் இப்பணத்தைத் தவறாது செலுத்திய குடும்பங்கள் பல. மக்களின் இப்பரஸ்பர உதவி முறையை மூலதனம் விரைவிற் கண்டுகொண்டது. புரூடென்ஷல் காப்புறுதி நிறுவனம் 1854இல் தொழிலாளரிடையே வீடுவீடாகச் சென்று சிறுதொகை வசூலிக்கும் காப்புறுதியில் இறங்கியது. நகரங்களில் அடக்கஞ்செய்யும் முறை பற்றி 1843இல் அறிக்கை சமர்ப்பித்த எட்வின் சட்விக், துயரத்தில் ஆழ்ந்திருக்கும் குடும்பம் விலைபேசும் நிலையில் இல்லாமையும், பிறர் பழிப்பரே என்ற அச்சமும் ஈமத்தொழிலாருக்கு எவ்வாறு வாய்ப்பாயின என்பதை அவ்வறிக்கையில் எடுத்துக்காட்டினார். சட்விக் தொழிலாளரின் நண்பரல்லர். புதிய வறியோர் சட்டத்தை உருவாக்கியோருள் அவரும் ஒருவர். ஆயினும் அவருடைய இவ்வவதானிப்பு இன்றுவரை பொய்க்கவில்லை.

3

இத்தொழிலின் உருவாக்கத்தை ஆங்கில இலக்கியத்திற் சார்ள்ஸ் டிக்கன்ஸ் அளவுக்குக் கூர்ந்து நோக்கியவர் எவருமிலர். அவரது நாவல்களில் மூவகை ஈமத்தொழிலாரைக் காண்கிறோம்.

முதலாமவர் ‘ஒலிவர் ருவிஸ்ற்’ நாவலில் வரும் சவபெரி. வறியோரை அடக்கஞ்செய்யும் ஒப்பந்தம் பெற்றவர். பட்டினியால் இறந்த பெண்ணொருத்தியின் அடக்கத்தின்போது, நெடுநேரம் காக்கவைத்த பாதிரியார் வந்ததும் மந்திரத்தை நான்கு நிமிடத்துள் ஒப்புவித்து அகல்கிறார். அநாதைச் சிறுவன் ஒலிவரின் சோகம் ததும்பும் முகம் கூடச் சவபெரிக்குப் பயன்படு பொருளாகின்றது. குழந்தைகளின் சவ ஊர்வலத்தில் மௌனமாக முன்னே நடக்க அவனை அமர்த்துகிறார்.

இரண்டாமவர் ‘மாட்டின் சஸில்விற்’ நாவலின் மோல்ட். இவர் செல்வரின் தேவைக்குரியவர். பணத்தால் எத்தனை குதிரைகளை, எத்தகைய வெல்வெற்றை, எத்தனை தீக்கோழி இறகுகளைப் பெறலாம் என்று விரித்துரைக்கும் அவருடைய பேச்சில், அன்பும் துயரமும் விலைப்பட்டியலின் மொழியிலேயே பேசப்படுகின்றன. பண்டமாக்கம் பற்றிய கோட்பாட்டு விளக்கங்கள் எழுதப்படுவதற்கு முன்னரே நாவலாசிரியனின் செவி அம்மொழியைப் பிடித்துவிட்டது.

மூன்றாமவரே நமது பொருளுக்கு மிகவும் முக்கியமானவர். ‘டேவிட் கொப்பர்பீல்ட்’ நாவலில் யாமத் நகரத்துச் சிறுகடைக்காரர் ஒமர், துணி வணிகரும் தையற்காரரும் ஈமப்பொருள் வழங்குநருமாக ஒருங்கே விளங்குகிறார். தாயை இழந்த சிறுவன் டேவிட்டுக்கு அவர் துக்க உடை அளவெடுக்கும் வேளையில், பின்புறத்திலிருந்து இடையறாது கேட்கும் சுத்தியலோசை அவன் தாயின் பெட்டிக்கு ஆணியறையும் ஓசையே. பெட்டியைச் செய்பவன் ஜோரம். உடை தைப்பவள் ஒமரின் மகள் மின்னி. இருவரும் காதலர். சவப்பெட்டியோடு சிறுவனையும் ஏற்றிச் செல்லும் வண்டியில் அவர்கள் மகிழ்ந்து பேசிச் செல்வதைச் சிறுவன் திகைப்போடு பார்க்கிறான். பின்னர் அவர்கள் மணந்துகொள்ள, கடையின் பெயர்ப்பலகையில் ஜோரமும் பங்காளியாகிறான். குடும்ப மலர்ச்சாலையின் வரலாறு முழுவதும் இதில் அடங்கியுள்ளது எனலாம். தச்சும் தையலும் ஒரு கூரையின்கீழ் இணைந்து, திருமண உறவின் மூலம் தலைமுறை தாண்டிய தொழிலாகும் வரலாறு அது.

ஒமரைக் கயவராக டிக்கன்ஸ் தீட்டவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. அயலவர் நோயுற்றிருக்கும்போது அவரது நலத்தை விசாரிக்கவும் தம்மால் இயலாதிருப்பதாக ஒமர் பின்னர் வருந்துகிறார்; விசாரித்தால் தொழிலுக்காகக் கேட்கிறார் என்றல்லவா கருதுவர்! அன்புள்ள அயலவனாகவும் மரணத்தால் வாழும் வணிகனாகவும் ஒருவனே இருக்கவேண்டிய முரண்பாட்டை இதனினும் எளிமையாகக் கூறுதல் அரிது. சிறு உடைமையாளரின் இம்முரண்பாடே குடும்ப மலர்ச்சாலையின் வலிமையும் வரம்புமாகும். அவர் ஊரார் கண்முன்னே வாழ்கிறார். ஏமாற்றினால் தெருவில் நடமாட முடியாது. அதே வேளையில் அவரது அடுப்பும் அத்தெருவின் மரணங்களாலேயே எரிகிறது.

டிக்கன்ஸ் தம் இறுதிச் சடங்கினைத் தாமே திட்டமிட்டவர். 1852 நவம்பரில் வெலிங்ரன் கோமகனுக்கு நிகழ்ந்த அரச ஆடம்பர அடக்கத்தை ஒட்டி, மரண வணிகத்தைச் சாடித் தமது வார இதழிலே கட்டுரை எழுதினார். 1869இல் எழுதிய மரணசாதனத்தில், தம்மைச் செலவின்றியும் தனிமையாகவும் அடக்கஞ்செய்யவேண்டும். மூன்றுக்கு மேற்பட்ட வண்டிகள் கூடா. வருவோர் துக்கச் சால்வையோ நீண்ட தொப்பிப்பட்டியோ அணியலாகாது என்று விதித்தார். 1870 ஜூன் 14ஆம் நாள் வெஸ்ற்மினிஸ்ரர் தேவாலயத்தில் மிகச் சிலர் முன்னிலையில் அவர் அடக்கஞ்செய்யப்பட்டார். எளிமை பற்றிய அவரது விருப்பம் பேணப்பட்டது; புதைக்கப்பட்ட இடமோ நாட்டின் விருப்பமாயிற்று.

4

டிக்கன்ஸின் அனுபவம் சட்டம் சார்ந்த வினாவொன்றை எழுப்புகின்றது. இறந்தவரின் விருப்பம் வாழ்வோரைக் கட்டுப்படுத்துமா? ஆங்கிலச் சட்டத்தின் விடை, கட்டுப்படுத்தாது என்பதே. 1882இல் தீர்க்கப்பட்ட வில்லியம்ஸ் வழக்கு இவ்வகையில் முதன்மையானது. தம் உடலைத் தகனஞ்செய்யுமாறு நண்பியொருவரிடம் ஒருவர் பொறுப்பளித்திருந்தார். குடும்பத்தினர் அவரைப் புதைத்துவிட்டனர். நண்பி உடலைத் தோண்டியெடுத்து இத்தாலியின் மிலான் நகருக்குக் கொண்டுசென்று எரித்தபின் செலவைக் கோரி வழக்கிட்டார். உயிரற்ற உடல் எவருக்கும் உடைமையன்று, அது பற்றிய விருப்பாணை சட்டப்படி செல்லாது என்று கூறி நீதிமன்றம் கோரிக்கையை நிராகரித்தது. மரணசாதனத்தின் நிறைவேற்றுநரே முடிவெடுக்கும் உரிமையுடையவர் என்ற நிலை அன்று முதல் உறுதிப்பட்டது. தனித்துவச் சடங்கினைப் பற்றி எவ்வளவு பேசப்பட்டாலும் அச்சடங்கிற்குரியவரின் சொல் சட்டத்தின் முன் வேண்டுகோளாகவே நிற்கின்றது.

இருப்பினும் சிலர் தம் விருப்பத்தை வரலாற்றின் மீது பதித்துச் சென்றனர். வேல்ஸ் நாட்டு மருத்துவர் வில்லியம் பிறைஸ் சாசன இயக்கத்தவர். 1839இன் நியூபோட் எழுச்சியை அடுத்துப் பிரான்சுக்குத் தப்பியோடியவர். 1884இல் இறந்த தம் குழந்தையை மலைச்சாரலில் எரிக்க முயன்றதற்காக அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. பிறருக்குத் தொல்லை விளைவிக்காத தகனம் குற்றமன்று என்று நீதிபதி ஸ்ரீபன் தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டு வோக்கிங் தகனசாலை இயங்கத் தொடங்கியது. 1902இல் தகனச் சட்டம் வந்தது. இன்று அந்நாட்டில் இறப்போருள் நான்கில் மூன்று பங்கினருக்கு மேற்பட்டோர் தகனஞ்செய்யப்படுகின்றனர். பிறைஸ் தமது தகனத்தையும் முன்கூட்டியே திட்டமிட்டிருந்தார். 1893 ஜனவரியில் அது நிகழ்ந்தபோது ஏறத்தாழ 20,000 பேர் திரண்டதாகக் கூறப்படுகின்றது.

1895 ஆகஸ்டில் ஏங்கெல்ஸ் அதே வோக்கிங்கில் தகனஞ்செய்யப்பட்டார். அவரது விருப்பப்படி எலியனர் மாக்ஸ் உள்ளிட்ட சில தோழர்கள் ஈஸ்ற்போண் கரையிலிருந்து படகிற் சென்று அவரது சாம்பலைக் கடலிற் கலந்தனர். கல்லறையில்லை; கல்வெட்டுமில்லை.

இறந்தவரின் விருப்பத்தைச் சந்தை மட்டுமன்றி அரசும் மீறவியலும் என்பதை நாம் அண்மையிற் கண்டோம். கொவிட் தொற்றினால் இறந்த முஸ்லிம்களின் உடல்கள் 2020ஆம் ஆண்டு தொடக்கம் 2021 பெப்ரவரி வரை இலங்கையிற் கட்டாயமாக எரிக்கப்பட்டன. புதைத்தல் பாதுகாப்பானது என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் கூறியிருந்தும் இது நிகழ்ந்தது. ஒருவர் எவ்வாறு வழியனுப்பப்படவேண்டும் என்பது சுவை பற்றிய வினாவன்று; உரிமை பற்றிய வினா.

5

இனி, குடும்ப மலர்ச்சாலையின் இன்றைய பொருளாதாரத்தை நோக்குவோம். ஒமரைப் போன்ற சிறு உடைமையாளர் இன்றும் பலர் உள்ளனர். ஆயினும் பெருநிறுவனங்கள் அவர்களை விலைக்கு வாங்கும் போக்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேகமுற்றது. அமெரிக்காவின் ஹியூஸ்ரன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சேர்விஸ் கோப்பரேஷன் இன்ரர்நஷனல் என்னும் நிறுவனம் 1994இல் பிரித்தானியாவின் இரு பெரும் ஈமத்தொழிற் குழுமங்களைக் கொள்வனவு செய்தது. அப்பிரித்தானியக் கிளை 2002இல் அதன் முகாமையாளரின் கைக்கு மாறி, ‘கண்ணியம்’ என்ற பொருள்தரும் டிக்னிற்றி என்ற பெயரில் 2004இல் இலண்டன் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. 2023இல் முதலீட்டாளர் கூட்டொன்று அதனை வாங்கிப் பங்குச் சந்தையிலிருந்து விலக்கியது.

இத்தகைய கொள்வனவுகளிற் கவனிக்கத்தக்க வழக்கமொன்றுண்டு. மலர்ச்சாலை கைமாறினாலும் பெயர்ப்பலகை பெரும்பாலும் மாறுவதில்லை. தாத்தாவின் பெயரும், தொடங்கிய ஆண்டும், சில வேளைகளில் பழைய ஊழியரும் அங்கேயே இருப்பர். வாங்கப்பட்டவற்றுள் கட்டடத்தையும் ஊர்தியையும்விடப் பெறுமதி வாய்ந்தது அப்பெயரே. தலைமுறைகளாக ஊரார் வைத்த நம்பிக்கை, கணக்கேட்டில் ‘நன்மதிப்பு’ என்னும் சொத்தாகப் பதியப்படுகின்றது. அந்நம்பிக்கையை உருவாக்கியவர்கள் ஊராரே. அதனை விற்றுப் பயனடைபவர்கள் வேறு.

விளைவு விலையிற் புலப்பட்டது. போட்டி மற்றும் சந்தைகள் அதிகாரசபை 2018இல் வெளியிட்ட இடைக்கால அறிக்கை, மரணச் சடங்கின் அத்தியாவசியக் கூறுகளின் விலை பத்தாண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கிற்கு மேல் உயர்ந்ததாகவும், பொதுப் பணவீக்கத்தைப் போல் இஃது ஏறத்தாழ மும்மடங்கு எனவும் கண்டது. துயருற்றோர் பல இடங்களில் விலை விசாரிப்பதில்லை என்பதும் உறுதியாயிற்று. சட்விக் 1843இற் கண்டதும் அதுவே. அரசின் உதவியோ எதிர்த்திசையிற் சென்றது. 1949இல் தேசிய காப்புறுதியின் ஒரு பகுதியாக 20 பவுண் மரணக்கொடை தொடங்கிற்று. 1967இல் 30 பவுணாகி, அதன்பின் உயர்த்தப்படாமலே கிடந்து, 1987இல் அது ஒழிக்கப்பட்டது. அதன்பின் வருமானச் சோதனைக்குட்பட்ட வறியோர்க்கே உதவி எஞ்சியது.

அதிகாரசபையின் ஆணைப்படி 2021 செப்டெம்பர் முதல் ஒவ்வொரு மலர்ச்சாலையும் ஒரே அமைப்பிலான விலைப்பட்டியலை எல்லோரும் காணும்படி வைத்தல் வேண்டும். உடலைக் கொண்டுவருதல், பேணுதல், பெட்டி, ஊர்தி என்பன தனித்தனியே விலை குறிக்கப்படல் வேண்டும். நிறுவனத்தின் இறுதி உடைமையாளர் யாரென்பதும் வெளிப்படுத்தப்படல் வேண்டும். பின்னைய விதி நமது நோக்கில் மிகவும் முக்கியமானது. பெயர்ப்பலகையிலுள்ள குடும்பம் உண்மையிலேயே அந்நிறுவனத்திற்குரியதா என்பதை அறியும் வழி அதுவே. முன்கூட்டியே பணஞ்செலுத்தும் ஈமத்திட்டங்கள் 2022 ஜூலை வரை நிதித்துறைச் சட்டங்களின் முறையான மேற்பார்வைக்குட்படவில்லை. அதற்குச் சில மாதங்களின் முன்னர் அத்தகைய நிறுவனமொன்று முறிந்தபோது ஏறத்தாழ 46,000 பேரின் திட்டங்கள் கேள்விக்குறியாயின. பென்னி பென்னியாகச் சேர்த்த பழைய ஈமச் சங்கத்தாரின் அச்சம் வேறுருவில் மீண்டது.

சட்டம் எதனைக் கட்டாயமாக்கவில்லை என்பதையும் அறிதல் நன்று. மரணத்தைப் பதிவுசெய்தல் கட்டாயம். மலர்ச்சாலையை அமர்த்துதல் கட்டாயமன்று. உள்நாட்டில் நிகழும் அடக்கத்துக்கோ தகனத்துக்கோ உடலைப் பதனிடுதல் கட்டாயமன்று. உறவினரே உடலைக் கழுவி உடுத்தலாம். தாமே பெட்டியைச் சுமக்கலாம். தாமே பேசிச் சடங்கினை நடத்தலாம். தனித்துவம் என்று உறவினர் உள்ளத்திலே தங்குவன பெரும்பாலும் இவையே. விலைப்பட்டியலில் இவற்றுக்குரிய நிரல் இல்லை.

6

இவ்விடத்தில் எதிர்வாதமொன்று எழலாம். சந்தையின் ஆதிக்கத்துக்கு உட்படாத நமது கிராமச் செத்தவீடு மேலானதன்றோ என்பர் சிலர். ஊரார் கூடிப் பந்தலிடுதலும், அயல்வீட்டார் சமைத்துக் கொடுத்தலும், பெண்கள் ஒப்பாரியில் இறந்தவரின் வாழ்க்கையையே பாடுதலும் உயர்ந்த பண்புகளே. ஒப்பாரியைக் காட்டிலும் இறந்தவருக்கென்றே அமைந்த சடங்குக் கூறு பிறிதொன்று இருத்தல் அரிது. ஆயினும் யாழ்ப்பாணத்துச் செத்தவீட்டின் மற்றொரு பக்கத்தை மறத்தலாகாது. வண்ணாரும் அம்பட்டரும் பறையரும் ஆற்றிய ஈமத்தொண்டு குடிமை என்ற பெயராற் சாதிக் கட்டாயத்தின்பாற்பட்டதாகவே இருந்தது. அத்தொண்டுகளைச் செய்ய மறுத்தமை சாதியெதிர்ப்புப் போராட்டத்தின் ஒரு கூறாயிற்று. சுடலைகளே சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. கூலி பெற்று வேலைசெய்யும் மலர்ச்சாலை ஊழியர், வேண்டாதபோது அவ்வேலையை விட்டு நீங்கவல்லவர். இவ்வகையிற் சந்தை உறவு குடிமையைக் காட்டிலும் முற்போக்கானது. மாக்ஸ் முதலாளித்துவத்தின் இவ்விரட்டைத் தன்மையை என்றும் மறந்தவரல்லர்.

எனவே நம் முன்னுள்ள தெரிவு சந்தைக்கும் சாதிக்குமிடையிலானதன்று. இலங்கையின் கிராமங்களில் எல்லா இனத்தவரிடையேயும் இயங்கும் மரண உதவிச் சங்கங்கள் மற்றொரு வழியைச் சுட்டுகின்றன. சிறு சந்தா, பொதுவிலுள்ள கூடாரமும் கதிரைகளும், இறந்த வீட்டாருக்கு உடன் கிடைக்கும் தொகை, அங்கத்தவர் யாவரும் முறைவைத்து ஆற்றும் வேலை என்பன அவற்றின் இயல்பு. வணிகம் விழுங்குவதற்கு முன்பிருந்த பிரித்தானிய ஈமச் சங்கத்துக்கு அவை உறவானவை. அச்சங்கங்களிலும் சாதி எல்லைகள் புகுந்துள்ளனவா, பெண்கள் முடிவெடுப்பதிற் பங்குபெறுகின்றனரா என்பன நேரிற் சென்று ஆராயவேண்டியவை. நம் பல்கலைக்கழக மாணவர் தத்தம் ஊர்களில் இதனைத் தொடங்கலாம்.

புலம்பெயர்ந்த தமிழர் இம்மூன்று உலகங்களின் சந்தியில் நிற்கின்றனர். தகனசாலை ஒதுக்கிய குறுகிய நேரத்துள் சுண்ணம் இடித்து, தேவாரம் ஓதி, கொள்ளிக்குப் பதிலாக மூத்த மகன் விசையை அழுத்தும் காட்சி இலண்டனில் வழக்கமாகிவிட்டது. சடங்கு மாறியதற்காக வருந்தவேண்டுவதில்லை. சடங்குகள் என்றும் மாறியே வந்துள்ளன. அம்மாற்றத்தை முடிவுசெய்பவர் யார் என்பதே வினா. திட்டமிடும் மேசையின் முன் அமர்வோர் பெட்டியின் மரத்தையும் பூவின் நிறத்தையும் தெரிவதற்கு முன்னர் மூன்று வினாக்களை எழுப்புதல் தகும். இந்நிறுவனம் எவருக்குரியது? இவற்றுள் எவை இன்றியமையாதவை, எவை விற்பனைக்காகச் சேர்க்கப்பட்டவை? எந்தெந்த வேலைகளை நாமே நம் கையாற் செய்யலாம்? இவற்றுக்கு நேர்மையாக விடையளிக்கும் குடும்ப மலர்ச்சாலைகள் உள்ளன. அவை வாழவேண்டியவை. விடையளிக்கத் தயங்கும் நிறுவனத்தின் பெயர்ப்பலகையில் எத்தனை தலைமுறைகளின் பெயர் இருப்பினும் அப்பெயருக்கு நாம் தனியே விலை கொடுக்கவேண்டியதில்லை.